அரிய ஆங்கிலச் சொல்: பொருளுக்கு எது, ஒலிப்புக்கு எது?

'நாய்சம்' என்று ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது. பார்த்தவுடன் சத்தம் சம்பந்தப்பட்டது என்றுதான் தோன்றும். சத்தத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குடலைப் புரட்டும் நாற்றம் என்பது பொருள். 'எனர்வேட்' என்றால் தெம்பூட்டுவது என்று நினைப்போம்; இருக்கிற தெம்பையும் உறிஞ்சுவதுதான் அது. 'ரெஸ்டிவ்' என்று ஓய்வாகச் சாய்ந்திருப்பவரைச் சொல்ல மாட்டார்கள். இருப்புக்கொள்ளாமல் முரண்டு பிடிப்பவரைத்தான் சொல்வார்கள். அரிய சொற்களில் ஊகம் இப்படித்தான் காலை வாரும்.

ஒலிப்பு இன்னும் மோசம். எழுத்துக்கூட்டினால் 'எபிடோம்' என்று வருவதை 'இபிட்டமி' என்று சொல்ல வேண்டும். கண் 'இண்டிக்ட்' என்று படிப்பதை வாய் 'இண்டைட்' என்று உச்சரிக்க வேண்டும். உணவுப் பொருள்களைக் குறிக்கும் 'விக்சுவல்ஸ்' பேச்சில் 'விட்டில்ஸ்' ஆகிவிடுகிறது.

இதற்கெல்லாம் எதை நம்புவது? இருமொழி அகராதி, கற்போருக்கான ஆங்கில அகராதி, பேரகராதி, ஒலிப்பதிவுத் தளங்கள், வேர்ச்சொல் முறை, இப்போது செயற்கை நுண்ணறிவு என்று வழிகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் கலந்து பயன்படுத்துங்கள் என்று சொல்வது சுலபம். அது யாருக்கும் உதவாது. ஒரு சொல்லின் பொருளை நன்றாகச் சொல்லும் கருவி அதன் ஒலிப்பைச் சொல்வதில் சொதப்பலாம். இரண்டுக்கும் ஒரே இடத்தில் விடை தேடுவதால்தான் பாதிக் குழப்பம் என்பது என் கட்சி. அதனால் தனித்தனியாகவே பார்க்கிறேன்.

முதலில் ஒரு வடிகட்டல்

ஆங்கில நாவலையோ நாளிதழையோ அடிக்கடி அகராதியைப் புரட்டாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். பக்கத்தில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருந்தால் மிச்சத்தை இடம் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம் என்பது அவர் வைத்த அளவுகோல். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம். மறுபக்கம், ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கிலப் பேரகராதியில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. நடுவே கிடக்கும் அந்தக் கடலைக் குடித்து முடிப்பது யாருக்கும் வேலை இல்லை.

ஆகவே ஒரு சொல்லைச் சந்தித்ததும் கேட்க வேண்டியது, இது கண்ணுக்கு மட்டும் வேண்டிய சொல்லா, வாய்க்கும் வேண்டிய சொல்லா என்பதுதான். அழகு என்பதற்கு 'பல்க்ரிட்யூட்' என்று ஒரு சொல் உண்டு. அழகைக் குறிக்க இவ்வளவு அவலட்சணமான ஒலியை எப்படித் தேர்ந்தார்களோ தெரியவில்லை! அதைப் புத்தகத்தில் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். பேச்சில் எடுத்துவிட்டால் கேட்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் 'ஹைபர்பலி' (மிகைக்கூற்று), 'செக்வே' (ஒரு பேச்சிலிருந்து அடுத்ததற்கு நழுவுவது), 'பாரடைம்' (முன்மாதிரிச் சட்டகம்), 'நீஷ்' (தனக்கென்று ஒரு சிறு இடம்) போன்றவை கூட்டங்களிலும் நேர்காணல்களிலும் வாயிலிருந்து வந்தாக வேண்டியவை. முதல் வகைக்குப் பொருள் போதும். இரண்டாம் வகைக்கு ஒலிப்பு தெரியாவிட்டால் பொருள் தெரிந்தும் பயனில்லை. தயங்கித் தயங்கிக் கடைசியில் வேறு சொல்லைப் போட்டுவிடுவோம்.

சொல் எந்த அளவு புழங்குகிறது என்பதைச் சில அகராதிகளே காட்டிவிடும். ஆக்ஸ்ஃபர்டின் கற்போர் அகராதி, முதலில் கற்க வேண்டிய 3,000 சொற்களையும், அடுத்த கட்டமாக அதை 5,000 ஆக்கும் சொற்களையும் சாவிக்குறி போட்டுக் காட்டுகிறது. பேரகராதி இணையப் பதிப்பு சொற்களை 8 புழக்க அடுக்குகளாகப் பிரிக்கிறது. குறி இல்லாத சொல்லுக்குப் பின்னால் ஓடுவதற்கு முன் ஒரு நொடி யோசிக்கலாம்.

இருமொழி அகராதி: பெயருக்கு நல்லது, தொனிக்கு ஆபத்து

வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'பாங்கோலின்' என்ற சொல்லுக்கு ஆங்கில அகராதி, உடம்பெல்லாம் செதில் மூடிய, எறும்பு தின்னும், சுருண்டுகொள்ளும் பாலூட்டி என்று வரி வரியாக விளக்கும். தமிழில் 'அழுங்கு' என்று ஒரே சொல்லில் முடிந்தது. 'கேட்டராக்ட்' என்றால் கண்புரை. விலங்கு, செடி, நோய், கருவி, உறவுமுறை போன்ற பெயர்ச்சொற்களுக்கு இருமொழி அகராதிக்குத்தான் என் ஓட்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இந்த வகைக்கு இன்றும் கைகொடுக்கும். அதற்குப் பிறகு வந்த சொற்களை மட்டும் அதில் தேடக் கூடாது.

தொனி உள்ள சொற்களில்தான் வழுக்கிவிடும். 'அப்ஸீக்வியஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பணிவான, கீழ்ப்படிதலுள்ள, கூழைக்கும்பிடு போடுகிற என்று இருமொழி அகராதி மூன்றையும் காற்புள்ளி போட்டு வரிசையாகத் தருவது வழக்கம். படிப்பவர் முதலில் இருப்பதைப் பிடித்துக்கொள்வார். 'எங்கள் மேலாளரிடம் நான் எப்போதும் பணிவாக இருப்பேன்' என்று ஆங்கிலத்தில் எழுத நினைத்து, 'நான் எப்போதும் கூழைக்கும்பிடு போடுவேன்' என்று எழுதிவிடுவார். அந்த மூன்றில் கடைசிச் சொல்தான் சரி. மற்ற இரண்டும் அந்தச் சொல் கடந்து வந்த பழைய நிலைகள். காற்புள்ளிக்கு இருபுறமும் இருப்பவை ஒரே எடை என்று நினைக்க வைப்பது இந்த அமைப்பின் அடிப்படைக் கோளாறு.

அதைவிடப் பெரிய கோளாறு, தமிழ் எழுத்தில் உச்சரிப்பு தருவது. 'வேல்' என்று எழுதினால் அது முகத்திரையா, பள்ளத்தாக்கா, திமிங்கலமா, புலம்பலா? நான்கும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் ஒரே ஒலி, மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். அடுத்த இரண்டும் பெரும்பாலானோர் வாயில் ஒரே ஒலி, உதடு குவிய வேண்டும். தமிழ் எழுத்துக்கு நான்கும் ஒன்று; முருகன் கையில் இருக்கும் நம் சொந்த 'வேல்' சேர்ந்தால் ஐந்து. 'பேட்' என்று எழுதினால் மட்டையும் வரும், கெட்டதும் வரும், முழங்கால் காப்பும் வரும். அந்த மூன்றில் வரும் உயிரொலி 'ஏ'யும் இல்லை, 'ஆ'வும் இல்லை. அதற்குத் தமிழில் எழுத்தே கிடையாது. அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதைக் காட்டவும் வழியில்லை. இந்தக் கட்டுரையில் நானும் தமிழ் எழுத்தில்தான் ஒலிப்பு காட்டிக்கொண்டிருக்கிறேன். அதை ஒரு கைகாட்டியாக மட்டும் எடுத்துக்கொண்டு, காதால் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கற்போர் அகராதி: பொருளுக்கு முதல் கதவு

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதிகள் ஒரு தனி வகை. ஏ.எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் பாடம் நடத்திய காலத்தில் தன் தோழர்களோடு சேர்ந்து தொகுத்தது 1942இல் அங்கே வெளியானது. 1948இல் ஆக்ஸ்ஃபர்ட் அதை எடுத்து வெளியிட்டது. இன்று உலகமெங்கும் புழங்கும் ஆக்ஸ்ஃபர்ட் கற்போர் அகராதியின் மூலம் அதுதான். 1978இல் வந்த லாங்மன் அகராதி, எல்லா விளக்கங்களையும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் எழுதுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கப் போய் அந்த அர்த்தத்துக்கே அர்த்தம் தேடும் அவஸ்தை இதனால் போயிற்று. 1987இல் காலின்ஸ் கோபில்ட் அகராதி இன்னொரு படி போனது: ஒருவரை இப்படி என்று நீங்கள் சொன்னால் அவர் இன்ன மாதிரி ஆள் என்று கருதுகிறீர்கள், என்பதுபோல முழு வாக்கியமாகவே விளக்கம். சொல்லின் பொருளோடு, அது எந்த மாதிரி வாக்கியத்தில் உட்காரும் என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

அரிய சொற்களுக்கு இந்த அகராதிகளின் பெரிய பலம் அவை ஒட்டும் சிறு குறிப்புகள். ஏளனத் தொனி, எழுத்து வழக்கு, இலக்கிய வழக்கு, பழைய வழக்கு என்று இரண்டே சொல்லில் எச்சரித்துவிடும். மேலே சொன்ன 'அப்ஸீக்வியஸ்' பக்கத்தில் ஏளனத் தொனி என்ற குறிப்பைப் பார்த்துவிட்டவர் அதை மேலாளர் கடிதத்தில் எழுத மாட்டார். 'டிஸின்ட்ரஸ்டட்' என்ற சொல்லுக்கும் 'அன்இன்ட்ரஸ்டட்' என்ற சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தையும் இவை பொறுமையாக விளக்கும். நீதிபதி முதலாவதாக இருக்க வேண்டும், அதாவது தனக்கு ஆதாயமோ சாய்வோ இல்லாதவராக. இரண்டாவதாக இருந்தால் வழக்கில் அக்கறையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்.

குறை என்று பார்த்தால், உண்மையிலேயே அரிதான சொல் இவற்றில் இருக்காது. கிடைக்காவிட்டால் அது ஒரு செய்திதான்: இந்தச் சொல்லை நீங்கள் பயன்படுத்த வேண்டிய தேவை வராது.

பேரகராதி: எப்போது போக வேண்டும்

ஆக்ஸ்ஃபர்ட் பேரகராதியின் முதல் பகுதி 1884இல் வெளிவந்து, முழுதும் முடிய 1928 ஆயிற்று. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். ஒவ்வொரு சொல்லும் எந்த நூற்றாண்டில் எந்தப் பொருளில் எழுதப்பட்டது என்பதை மேற்கோளோடு காட்டுவது அதன் நோக்கம். அந்த நோக்கமே அவசரக்காரருக்குப் பொறி. பொருள்கள் கால வரிசைப்படி அடுக்கப்பட்டிருப்பதால் முதல் எண்ணில் இருப்பது செத்துப்போன பொருளாகக்கூட இருக்கலாம். அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டரும் பொருள்களை வரலாற்று வரிசையில்தான் வைக்கிறது. முதல் எண் என்றால் முக்கியமான பொருள் என்று நம்பிப் படிக்கிறவர்கள் ஏராளம். கற்போர் அகராதியில் அந்த நம்பிக்கை சரி, இங்கே எடுபடாது.

'இக்ரீஜஸ்' என்ற சொல்லில் இது நன்றாகத் தெரியும். மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்ற லத்தீன் அடிப்படை. 16ஆம் நூற்றாண்டில் அதைப் புகழ்ச்சியாகவே சொன்னார்கள், தலைசிறந்த என்ற அர்த்தத்தில். கிண்டலாகச் சொல்லிச் சொல்லி, இன்று தவறு, மீறல், முறைகேடு போன்ற சொற்களோடு மட்டுமே சேர்ந்து வருகிறது. அப்பட்டமான, மகா மோசமான என்று பொருள். இந்தக் கதை தெரிந்தால் சொல் மறக்காது என்பது உண்மை. கதையின் முதல் பாதியோடு நின்றுவிட்டால், ஒருவரைப் பாராட்டப் போய்த் திட்டிவிட்டு வருவோம் என்பதும் உண்மை.

கடல் தாண்டினால் பொருள் மாறும் சொற்களுக்கும் பெரிய அகராதி உதவும். 'மூட் பாயின்ட்' என்பது பிரிட்டனில் இன்னும் வாதத்துக்குரிய விஷயம். அமெரிக்காவில் பெரும்பாலும், இனிப் பேசிப் பயனில்லாத விஷயம். 'நான்பிளஸ்ட்' என்றால் திகைத்துப்போய் என்பதுதான் வேர்ப்பொருள். அமெரிக்கப் பேச்சில் சற்றும் அசராமல் என்று நேர் எதிராகவும் புழங்குகிறது. இந்த மாதிரிச் சொற்களைப் படிக்கும்போது புரிந்துகொண்டு, எழுதும்போது ஒதுக்கிவிடுவதே நல்லது. எழுதியவர் ஒன்று நினைக்க, படித்தவர் வேறொன்று நினைப்பார்.

பெரிய அகராதி என்பதால் தெய்வவாக்கு என்று நினைக்க வேண்டாம். 1934இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டார்ட்' என்று ஒரு சொல், இயற்பியலில் அடர்த்தி என்ற பொருளோடு இடம்பெற்றது. அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்திக்குப் பெரிய 'டி' அல்லது (ஆங்கிலத்தில் 'ஆர்') சின்ன 'டி' என்று சுருக்கம் போடலாம் என்று எழுதிய குறிப்புச் சீட்டை யாரோ ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து 1939இல்தான், இதற்கு வேர்ச்சொல் விளக்கம் இல்லையே என்று ஓர் ஆசிரியர் கண்ணில் பட்டது.

ஒலிப்பு: காது மட்டும் போதாது

ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் கேட்கிறதே, அப்புறம் எதற்கு அகராதியில் ஒலிப்பைக் காட்டும் அந்தப் புழு பூச்சி எழுத்துகள் என்பது பொதுவான எண்ணம். நான் இதில் எதிர்க்கட்சி.

தமிழ்க் காது தமிழ் ஒலிகளுக்குப் பழகியது. முன்னே பின்னே கேட்டிராத ஒலியை அது தனக்குத் தெரிந்த ஒலியாக மாற்றித்தான் வாங்கிக்கொள்ளும். ஒலிப்பதிவைப் பத்து தடவை கேட்டாலும் மங்கலான உயிரொலியை 'அ' என்றோ 'எ' என்றோதான் பதிவுசெய்கிறோம். எழுத்துக் குறியீடு அதைக் காதிலிருந்து கண்ணுக்கு மாற்றிவிடுகிறது: இங்கே இருப்பது 'எ' இல்லை, வேறொன்று என்று கறாராகச் சொல்கிறது. சொல்லப்பட்டதும் காதும் பிடித்துக்கொள்கிறது. குறியீடு முதலில், ஒலி பிறகு என்ற வரிசையில் போனால் ஒலிப்பதிவின் பயன் இரட்டிப்பாகும்.

பன்னாட்டு ஒலிப்பியல் கழகம் 1886இல் பாரிஸில் தொடங்கியது. அதன் எழுத்துமுறையைத்தான் பிரிட்டிஷ் அகராதிகள் பின்பற்றுகின்றன. பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு வேண்டியவை ஏறத்தாழ 44 குறிகள்: மெய் 24, உயிர் 20. மெய்களில் பெரும்பாலானவை நமக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துகளேதான். புதிதாகக் கற்க வேண்டியவை ஒரு கையகல அட்டவணைக்குள் அடங்கும். ஒரு வாரம் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் வந்துவிடும். வாழ்நாள் முழுக்கப் பயன். இவ்வளவு மலிவான பேரம் மொழிப் படிப்பில் வேறு கிடையாது. அதற்கும் சோம்பல் என்றால் இரண்டே இரண்டு குறிகளையாவது கற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்று, அசைக்கு முன்னால் மேலே நிற்கும் சிறு செங்குத்துக் கோடு. அழுத்தம் அந்த அசையில் விழும். தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது. அதனால் எல்லா அசைகளையும் சமமாகச் சொல்வது நம் பழக்கம். ஆங்கிலத்தில் அழுத்தம் தவறினால், ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தும் எதிரில் இருப்பவர் 'என்ன சொன்னீர்கள்?' என்பார். 'யுபிக்விட்டஸ்' சொல்லில் அழுத்தம் 'பிக்' மீது, 'இபானிமஸ்' சொல்லில் 'பான்' மீது, 'டெசல்டரி'யில் முதல் அசை மீது. ஒரு எச்சரிக்கை: அமெரிக்கன் ஹெரிட்டேஜ் போன்ற சில அகராதிகளில் கோடு, அழுத்தம் விழும் அசைக்குப் பின்னால் வரும். அகராதியின் முகப்புப் பக்கங்களை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது.

இரண்டு, கவிழ்த்துப்போட்ட சின்ன ஆங்கில 'இ' எழுத்து. அழுத்தம் இல்லாத அசைகளில் உயிரொலி மங்கிப்போய், வாயைப் பாதி திறந்து முனகுவதுபோல வருமே, அதன் குறி. வாழைப்பழத்துக்கான ஆங்கிலச் சொல்லில் ஒரே உயிரெழுத்து மூன்று தடவை வருகிறது. நடுவில் இருப்பது மட்டும்தான் முழு ஒலி, முதலும் கடைசியும் இந்த முனகல். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலியே இதுதான்.

ஒலிப்பதிவுகளுக்குள்ளும் தரம் இருக்கிறது. அகராதித் தளங்களில் மனிதர்கள் பேசிப் பதிவுசெய்தவை நம்பத்தகுந்தவை. 2008இல் தொடங்கிய ஃபோர்வோ தளத்தில் பல நாட்டவர் தாங்களே பேசிப் பதிவேற்றுகிறார்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர் போன்றவற்றுக்கு அதுதான் முதல் இடம். யூகிளிஷ் தளத்தில் சொல்லைத் தட்டினால், யூடியூப் காணொளிகளில் அந்தச் சொல் பேசப்படும் நொடிக்கே கொண்டுபோய் விடும். தனியாக நிறுத்திச் சொல்லும்போது ஒரு மாதிரியும் வாக்கியத்துக்குள் ஓடும்போது வேறு மாதிரியும் கேட்கும் சொற்களுக்கு இது அருமை. பேசுகிறவரும் நம்மைப்போலத் தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்பதால் நாலைந்து பேரைக் கேட்டுவிட்டு முடிவுக்கு வர வேண்டும்.

இயந்திரக் குரல் இப்போது நன்றாகத் தேறிவிட்டது. ஆனாலும் தனிச் சொல்லைக் கொடுத்தால் ஒரே எழுத்து, இரண்டு ஒலிப்பு உள்ள இடங்களில் அதற்கு வழி தெரியாது. நிமிடத்தைக் குறிக்கும் 'மினிட்' என்ற சொல்லையே நுணுக்கமான என்ற பொருளில் 'மைன்யூட்' என்று சொல்ல வேண்டும். பெண் பன்றி 'சவ்', விதைப்பது 'சோ', எழுத்து ஒன்றே. பாம்பு சட்டை உரிப்பது 'ஸ்லஃப்'. அதே எழுத்தில் வரும் சதுப்பு பிரிட்டனில் 'ஸ்லவ்', அமெரிக்காவில் 'ஸ்லூ'. இயந்திரத்திடம் சொல்லைக் கொடுக்காமல் முழு வாக்கியத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகச் சொல்லும்.

வேர்ச்சொல் முறை: ஒலிப்புக்கு எதிர்பாராத உதவி

தேர்வுக்குத் தயாராகிறவர்களிடம் இந்த முறைக்கு மவுசு அதிகம். லத்தீன், கிரேக்க வேர்கள் சிலவற்றைக் கற்றால் நூற்றுக்கணக்கான சொற்கள் திறந்துகொள்ளும் என்பது வாக்குறுதி. துறைச்சொற்களில் அந்த வாக்குறுதி பலிக்கும். அன்றாட இலக்கியச் சொற்களில் நம்பி இறங்கினால் மூழ்கவும் செய்யும். 'சாங்குவின்', 'சாங்குவினரி' இரண்டுக்கும் வேர் ரத்தம். முதலாவதற்கு நம்பிக்கையோடு இருக்கும் மனநிலை என்று பொருள். உடலில் ரத்தம் மிகுந்தவர் உற்சாகமாக இருப்பார் என்ற பழைய மருத்துவக் கொள்கையின் மிச்சம் அது. இரண்டாவதற்கு ரத்தக்களரியான என்று பொருள். வேரை மட்டும் பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'மெரிட்ரிஷஸ்' இன்னும் வேடிக்கை. தகுதியைக் குறிக்கும் 'மெரிட்' என்ற சொல்லுக்கும் அதற்கும் உண்மையிலேயே ஒரே வேர்தான்: சம்பாதிப்பது. சம்பாதிப்பவள் என்று லத்தீனில் விலைமகளைக் குறித்ததால், இங்கே பொருள் வெளிப்பகட்டான, உள்ளே ஒன்றுமில்லாத என்றாயிற்று. வேர் சரி, முடிவு தலைகீழ்.

பொருளைவிட ஒலிப்புக்குத்தான் இந்த அறிவு அதிகம் பயன்படுகிறது என்பேன். இதைப் பயிற்சி நூல்கள் பெரிதாகச் சொல்வதில்லை. கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களின் கடைசி 'இ' எழுத்து பல இடங்களில் வாய் திறந்து ஒலிக்கும். 'கேட்டாஸ்ட்ரஃபி', 'அப்பாஸ்ட்ரஃபி' என்று ஏற்கெனவே சரியாகத்தான் சொல்லிவருகிறோம். அதே வரிசையில் வைத்தால் 'இபிட்டமி', 'ஹைபர்பலி', 'சினெக்டகி' மூன்றும் புதிர்களாக இருக்காது. சி-எச் சேர்ந்து வந்தால் கிரேக்கச் சொல்லில் 'க': 'கைமீரா', 'ஆர்க்கிடைப்', 'கேயாஸ்'. பிரெஞ்சுச் சொல்லில் 'ஷ': 'பனாஷ்', 'ஷிக்'. பதுக்கி வைக்கும் இடத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற சொல்லும் பிரெஞ்சுதான். கணினிக்காரர்கள் பலர் அதை 'கேச்' என்றும் 'கேஷே' என்றும் சொல்வதைக் கேட்கலாம். 'கூ' (ஆட்சிக் கவிழ்ப்பு), 'கோர்' (படைப்பிரிவு), 'டெப்ரீ' (இடிபாடு), 'ஃபோ பா' (சபையில் செய்யும் தவறு) என்று பிரெஞ்சுச் சொற்களில் கடைசி மெய் விழுங்கப்படும். ஆக, அகராதியில் சொல்லின் பூர்வீகத்தைக் காட்டும் அந்தச் சின்ன வரியைப் பொருளுக்காகப் பார்க்காவிட்டாலும் ஒலிப்புக்காகப் பார்க்கலாம்.

பின்னொட்டுகளும் அழுத்தத்தைக் காட்டிக்கொடுக்கும். 'இக்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம்; 'இட்டி', 'ஷன்' என்று முடிந்தாலும் அப்படியே. 'லூனடிக்', 'ஹெரடிக்', 'அராபிக்' போன்ற விதிவிலக்குகள் கைவிரலில் எண்ணக்கூடியவை இல்லையென்றாலும் சமாளிக்கக்கூடியவை. 'ஃப்ளெம்' என்று 'ஜி' ஊமையாகும் சொல், 'ஃப்ளெக்மேட்டிக்' என்று நீளும்போது அதே 'ஜி' வாய் திறந்துவிடுவதும் ஒரு அழகான ஒழுங்கு.

செயற்கை நுண்ணறிவும் அட்டைகளும்

இரண்டு சொற்களுக்கு இடையே உள்ள நுட்ப வேறுபாட்டைக் கேட்கவும், நம் வாக்கியத்தில் ஒரு சொல் பொருந்துகிறதா என்று சோதிக்கவும் உரையாடல் செயலிகள் அகராதியைவிட இதமானவை. 'இந்த இடத்தில் இது ஏளனமாகத் தொனிக்கிறதா?' என்று அகராதியிடம் கேட்க முடியாது. சொல் பிறந்த கதையை மட்டும் அவற்றிடம் கேட்டு நம்பிவிடாதீர்கள். சுவையான கதையைத் தயங்காமல் உருவாக்கித் தரும். அழுத்தம் விழும் அசையையும் அகராதியில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

நினைவில் நிறுத்துவது வேறு வேலை. மறதி எந்த வேகத்தில் நடக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் எழுதினார். சொல் அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பப் பார்க்கும் முறையை செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பினார். 2006இல் வந்த அங்கி செயலி அதே இடைவெளி முறையைக் கணினியில் செய்துதருகிறது. அட்டையில் சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதினால் பாதி வீண். சொல்லைக் கண்ட வாக்கியத்தையும், அழுத்த அசைக்கு அடியில் ஒரு கோட்டையும் போட்டுவிடுங்கள்.

சரி, எதை எடுப்பது?

படிப்பதுதான் முக்கியம் என்கிறவருக்குக் கற்போர் அகராதி ஒன்றே போதும். பெயர்ச்சொல்லுக்கு மட்டும் இருமொழி அகராதி. ஒலிப்பைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். போட்டித் தேர்வுக்காரர் கற்போர் அகராதியோடு வேர்ச்சொல்லையும் அட்டைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர் வேர்ச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பார்க்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் வேரைப் பார்ப்பதே மேல். எழுதுகிறவருக்கு மெரியம்-வெப்ஸ்டர் மாதிரி ஒன்றும் வேண்டும், பழைய பொருளும் பிராந்திய வேறுபாடும் கண்ணில் படுவதற்காக.

மேடையில், வகுப்பில், கூட்டத்தில் பேசுகிறவருக்குத்தான் வேலை அதிகம். குறியீடு, பிறகு அகராதி ஒலிப்பதிவு, பிறகு யூகிளிஷில் வாக்கியத்துக்குள் என்ற வரிசையை அவர் விடக் கூடாது. பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிப்புகளில் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்பதும் அவருக்கு அவசியம். பிரிட்டிஷ் முறையில் 'லெஃப்டெனன்ட்' என்று தொடங்கி இரண்டு நிமிடம் கழித்து அமெரிக்க முறையில் 'ஸ்கெஜுல்' என்றால் தப்பு ஒன்றும் இல்லை, கேட்பவர் கவனம்தான் சிதறும். பற்றவைப்புக்கு உதவும் 'சோல்டர்' என்ற சொல்லை அமெரிக்கர் 'சாடர்' என்பார்கள். யாரோடு பேசப் போகிறோம் என்று பார்த்துக்கொண்டு முடிவெடுக்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, ஆக்ஸ்ஃபர்ட், லாங்மன், கேம்பிரிட்ஜ் கற்போர் அகராதிகளும் மெரியம்-வெப்ஸ்டரும் இணையத்தில் இலவசமாகவே திறந்திருக்கின்றன, ஒலிப்பதிவோடு. ஆக்ஸ்ஃபர்ட் பேரகராதியை முழுதாகப் பார்க்கச் சந்தா வேண்டும். சொல்லின் வரலாறே பிழைப்பாக இருந்தாலொழிய அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை; பல நூலகங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு அதைத் திறந்துவிடுகின்றன.